எனக்கு ஹெச்எல்ஏ-பி27 பாசிட்டிவ். பையனுக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பனியன்_செக்கிங் (திருப்பூர்) எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். முதல் பதிவு, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். 24 வயதில் இடுப்பு வலி ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்க முடியாது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன். வேலைக்குப் போய் டேபிள் டேபிளாக நடந்தால் பத்து மணிக்குள் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தால் திங்கட்கிழமை தொலைந்தேன். "டிஸ்க் விலகியிருக்கு" என்று ஒருவர் பெல்ட் கொடுத்தார். இன்னொருவர் வெயிட் தூக்காதே என்றார். எண்ணெய் போட்டு நீவிவிட்டதற்குச் செலவழித்த காசில் ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கியிருக்கலாம்.

நாலு வருஷத்துக்கு முன்பு வலது கண் சிவந்துபோய், டியூப்லைட்டைப் பார்க்கவே முடியவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "காலையில் முதுகு விறைப்பா இருக்குமா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அப்புறம்தான் வாத நோய் டாக்டர், எம்ஆர்ஐ, ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை எல்லாம். பேர் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து விறைத்துப்போகும் வாத நோய். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு அடலிமுமாப் ஊசி. எண்பது சதவீதம் நல்லா இருக்கேன்.

இனி என் கேள்விகள்.

இது மரபணுவில் வருவது என்கிறார்கள். பையனுக்கு 13 வயது, பந்து விளையாடிவிட்டு வந்தால் குதிகால் வலிக்குது என்பான், மற்றபடி குறையில்லை. அவனுக்கும் பி27 எடுத்துப் பார்த்துவிடலாமா? மாமியார் "உங்க குடும்பத்து ரத்தம்" என்று ஜாடையாகப் பேசுகிறார், அது வேறு.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது கிடையாது. அப்பாவுக்கு 71, இன்றைக்கும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறார். அம்மா எனக்குப் பத்து வயதிலேயே தவறிவிட்டார். அப்படியானால் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

டாக்டர் "உங்க எதிர்ப்புச் செல்கள் ஓவரா வேலை செய்யுது" என்றார். அவ்வளவு எதிர்ப்பு சக்தி இருக்கிறவனுக்கு மாசம் ஒரு தடவை ஏன் சளி பிடிக்கிறது?

*

மூலிகை_நேசன் எழுதியது:

நண்பரே, மரபணு மாங்காய் எல்லாம் பயமுறுத்தும் பேச்சு. உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் எல்லா நோயும். தினமும் வெறும் வயிற்றில் சீந்தில் கஷாயம் ஒரு மண்டலம் குடியுங்கள். ஊசியை நிறுத்திவிடலாம்.

*

பழைய_லேப்_அக்கா (திருச்சி) எழுதியது:

தம்பி, முதலில் மேலே ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். சீந்திலைத் தொடாதீர்கள், ஊசியையும் நிறுத்தாதீர்கள். உங்களுக்கு இருப்பது எதிர்ப்புக் குறைவு இல்லை. கொரோனா காலத்தில் ஊரே சீந்தில் குடித்தபோது, கல்லீரல் பழுதாகி வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அந்தப் பாதிப்பு, உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயலில் இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, அந்தச் சண்டை இருக்கட்டும். தன்னைத் தானே அடிக்கிற உடம்புக்குப் போய் "இன்னும் வேகமாக அடி" என்று எதற்குக் கொடுக்க வேண்டும்?

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் திசுப் பொருத்த லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கிட்னி மாற்றுக்கு ஹெச்எல்ஏ, அதாவது செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதம், பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை, இடையிடையே வாத நோய்ப் பிரிவிலிருந்து பி27 கேட்டு டியூப் வரும். நான் சேர்ந்த காலத்தில் இப்போது போல மெஷின் கிடையாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் கடுகு உட்காரும் அளவுக் குழிகள், குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம், காயாமல் இருக்க மேலே எண்ணெய். அந்த சீரம் யாருடையது தெரியுமா? பல பிரசவம் கண்ட தாய்மார்களுடையது. வயிற்றில் இருக்கும் பிள்ளையிடம் அப்பா வழி வந்த ஹெச்எல்ஏ-வுக்கு எதிராகத் தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகும், அதைத்தான் உலகம் முழுக்க டெஸ்டுக்கு எடுத்து வைத்திருந்தார்கள். நோயாளியின் வெள்ளை அணுக்களைக் குழியில் விட்டு, முயல் சீரம் சேர்த்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உயிருள்ள செல் வைரம் மாதிரி மினுக்கும். செத்த செல் சாயத்தை உறிஞ்சி உப்பி இருண்டு கிடக்கும். பி27 குழியில் எல்லாம் இருண்டிருந்தால் பாசிட்டிவ். ரத்தம் எடுத்து நேரமாகிவிட்டால் எல்லாக் குழியுமே இருண்டுவிடும், திரும்ப ரத்தம் கேட்டு வார்டில் திட்டு வாங்குவோம்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த பால் டெராசாகி. 1973-இல் அவர் குழுவும், லண்டனில் டெரிக் பிரூவர்ட்டன் குழுவும் தனித்தனியாக உங்கள் நோயாளிகளைச் சோதித்தார்கள். லண்டன் கணக்கைப் பாருங்கள்: நோய் உள்ள 75 பேரில் 72 பேருக்கு பி27. நோய் இல்லாத 75 பேரில் 3 பேருக்கு. ஒரு மரபணுவுக்கும் ஒரு நோய்க்கும் இவ்வளவு நெருக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இதைப் படித்ததும் "அப்போ பி27 இருந்தா நோய் வரும்" என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பி27 இருக்கிற நூறு பேரை எடுத்தால் ஒருவரிலிருந்து ஐந்து பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் நோய் இருந்தால் அது 10, 20 என்று ஏறும். அப்போதும் பெரும்பாலானவர்கள் ஒன்றும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். உங்கள் பையனுக்கு உங்களிடமிருந்து பி27 போயிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. போயிருந்தாலும் நோய் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். வராமல் தடுக்க இன்றைக்கு மருந்தும் கிடையாது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எடுத்து, பாசிட்டிவ் என்று வந்தால், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அவனுக்குக் கால் மரத்துப்போனால்கூட வீட்டில் யாரும் தூங்க மாட்டீர்கள்.

ஆனால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, குதிகால் வலி, அதை நான் அப்படி விட மாட்டேன். இந்த வயதில் ஓடியாடும் பையன்களுக்குக் குதிகால் எலும்பு வளரும் இடத்தில் வலி வருவது சகஜம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வகை நோய் பிள்ளைகளுக்கு வரும்போது முதுகில் ஆரம்பிக்காமல், தசைநார் எலும்பில் பிடிக்கும் இடத்தில், முக்கியமாகக் குதிகாலில் ஆரம்பிப்பதும் உண்டு. விளையாடிய பிறகு வலிக்கிறதா, அல்லது காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதா? முட்டி, கணுக்கால் வீங்குகிறதா? கண் சிவக்கிறதா? டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மரபணுவுக்காகப் போக வேண்டாம், குதிகாலுக்காகப் போங்கள். டெஸ்ட் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இப்போது எதிர்ப்புச் செல் ஏன் ஓவராகப் போகிறது என்பதற்கு வருகிறேன். நீங்கள் செக்கிங்கில் இருப்பதால் சொல்வது சுலபம்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் உள்ளே தயாராகும் புரதங்களில் இருந்து துண்டு வெட்டி, வாசலில் சாம்பிள் மாட்டி வைக்கிறது. மாட்டுகிற ஹேங்கர்தான் ஹெச்எல்ஏ. சிடி8 என்கிற கொல்லும் டி செல்கள் வாசல் வாசலாக வந்து சாம்பிளைத் தடவிப் பார்க்கும். வீட்டுத் துணியாக இருந்தால் போய்விடும். வைரஸ் துணி மாட்டியிருந்தால் அந்த செல்லையே கொன்றுவிடும். பி27 என்பது ஹேங்கரின் ஒரு மாடல், அவ்வளவுதான். அது பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலத் துண்டைப் பிடிக்கும், இரண்டாவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். இந்த ஹேங்கரில் ஒரே ஒரு அமினோ அமிலம், 116-ஆவது இடத்தில், மாறினால் கதை மாறிவிடுகிறது. பி2705 என்ற உள்வகை நோயோடு பலமாக ஒட்டியது. சார்டினியா தீவில் இருக்கிற பி2709 அந்த ஓர் இடத்தில் மாறியிருக்கிறது, அதற்கு இந்த நோயோடு அப்படித் தொடர்பு தெரியவில்லை. நூற்றுக்கணக்கான அமினோ அமிலம் உள்ள புரதத்தில் ஒன்று!

ஹேங்கர் மட்டும் போதாது, துண்டை அளவாக வெட்டும் கட்டிங் மாஸ்டர் வேண்டும். அதற்குப் பேர் ஈஆர்ஏபி1, அதுவும் ஒரு மரபணு. அதில் சிலருக்கு இருக்கும் மாறுதல் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது, சிலருக்கு இருப்பது குறைக்கிறது. 2011-இல் வந்த பெரிய ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், இந்த வித்தியாசம் பி27 இருக்கிறவர்களிடம்தான் எடுபடுகிறது, இல்லாதவர்களிடம் இல்லை. ஹேங்கரும் கட்டிங்கும் சேர்ந்து செய்யும் வேலை.

இன்னும் அழகானது 2022-இல் வந்தது. உங்களைப் போன்ற நோயாளிகளின் மூட்டிலிருந்தும், கண் அழற்சி வந்தவர்களின் கண்ணிலிருந்தும் டி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் டிஆர்பிவி9 என்ற மரபணுத் துண்டைக் கொண்டு செய்த, ஒரே சாயல் கொண்ட ஏற்பிகள், அதாவது சாம்பிளைத் தடவிப் பார்க்கும் கைகள். அந்த ஏற்பி பி27 ஹேங்கரில் மாட்டிய பாக்டீரியாத் துண்டையும் பிடிக்கிறது, நம் சொந்தப் புரதத்தின் துண்டையும் பிடிக்கிறது. பாக்டீரியாவைத் தேடிக் கிளம்பிய செல், வீட்டுத் துணியைப் பார்த்து அதேதான் என்று அடிக்கிறது. உங்களுக்கு இடுப்பும் கண்ணும் ஏன் சேர்ந்து வந்தது என்று யோசித்திருப்பீர்கள் இல்லையா? அந்தக் கண் டாக்டருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

இதுதான் முழுக் கதை என்று சொல்ல மாட்டேன். பி27 செல்லுக்குள்ளேயே சரியாக மடங்காமல் சிக்கிக்கொண்டு அதனால் ரகளை வருகிறது என்று இன்னொரு கட்சி இருக்கிறது, அதற்கும் சான்று உண்டு. 1990-இல் டெக்சாஸில் எலிகளுக்கு மனித பி27 மரபணுவைப் புகுத்தினார்கள், எலிக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி வந்தது. அதே எலியைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது குடலும் மூட்டும் தப்பித்தன. மரபணு மாறவில்லை, கிருமி மட்டும் இல்லை. எனக்கு இந்த எலிகளைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

சளிக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி என்பது ரேடியோ வால்யூம் மாதிரி ஒரே திருகு இல்லை. உங்களுக்கு ஒரு கூட்டம் செல்கள் ஐஎல்-17, டிஎன்எஃப் என்ற ரசாயனங்களை அளவுக்கு மேல் ஊற்றுகின்றன. ஜலதோஷ வைரஸைத் துரத்துவது வேறு பிரிவு. இப்போது போடும் ஊசி டிஎன்எஃப்-ஐ அடக்குவதால் தொற்று கொஞ்சம் கூடவும் செய்யும், உள்ளே உறங்கும் டிபி எழுந்துவிடவும் கூடும். ஊசிக்கு முன்னால் டிபி பார்த்தார்களா?

அப்புறம், "வீட்டில் யாருக்கும் இல்லை" என்றீர்கள். அப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்துப் பாருங்களேன். குதிகால், புட்டம், முதுகு சுவரில் ஒட்ட வேண்டும். மோவாயைத் தூக்காமல் பின்மண்டை சுவரைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சும்மா ஒரு ஆர்வம்தான்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: ஹெச்ஐவி தொற்று வந்தவர்களில் பி27 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றுகிறது. அந்த ஹேங்கர் அந்த வைரஸின் துண்டை நன்றாகப் பிடித்துக் காட்டிக்கொடுக்கிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது.

*

பனியன்_செக்கிங் எழுதியது:

அக்கா, ராத்திரி ஒரு மணிக்கு மூன்றாவது தடவையாகப் படித்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று புரிகிறது.

டிபி பார்த்தார்கள். முன்கையில் மேண்டூ ஊசி போட்டு, சுற்றிலும் நீலப் பேனாவில் வட்டம் போட்டு, "அழிச்சிடாதீங்க, மூணாம் நாள் வாங்க" என்றார் சிஸ்டர். மூணாம் நாள் வட்டத்தைத் தாண்டித் தடித்திருந்தது. அதனால் ஊசிக்கு முன்னாலேயே டிபி மாத்திரை ஆரம்பித்து சில மாசம் சாப்பிட்டேன். அப்போது எரிச்சலாக இருந்தது, இடுப்பு வலிக்கு வந்தவனுக்கு எதற்கு டிபி மாத்திரை என்று.

ஒரு சந்தேகம். செக்கிங்கில் தப்பு செய்கிற ஆளை நாங்கள் டேபிளை விட்டு எடுத்துவிடுவோம். சொந்த உடம்பைப் பிடிக்கிற செல்லை உடம்பு ஏன் முன்னாடியே எடுக்கவில்லை? அதற்கென்று ஆள் இல்லையா?

அப்பாவை இன்னும் நிற்கவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

*

ஊதாப்பூ எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு லூபஸ், உடம்பே தன்னைத் தாக்கும் இன்னொரு நோய், 27 வயதில் வந்தது. எனக்கு ஒட்டிப்பிறந்த மாதிரி ஒரு இரட்டைச் சகோதரி, ஒரே முகம், பள்ளிக்கூடத்தில் டீச்சரே மாற்றிக் கூப்பிடுவார். அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் வெயிலில் நின்று துணி காயப்போடுகிறாள், நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலே கன்னம் சிவக்கிறது. மரபணு ஒன்றுதானே? அவளுக்கும் வந்துவிடும் என்று அவள் புருஷன் வீட்டில் பயப்படுகிறார்கள். லேப் அக்கா, கொஞ்சம் சொல்லுங்களேன்.

*

பழைய_லேப்_அக்கா எழுதியது:

தம்பிக்கு முதலில். ஆள் உண்டு, இரண்டு கட்டமாகவே உண்டு.

முதல் செக்கிங் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். டி செல்கள் அங்கேதான் பயிற்சி எடுக்கின்றன. சொந்தப் புரதத்தை இறுக்கமாகப் பிடிக்கிறவற்றை அங்கேயே கழித்துவிடுவார்கள். அதற்காக உடம்பின் மற்ற இடங்களில் மட்டும் தயாராகும் புரதங்களைக்கூட தைமஸுக்குள்ளேயே மாதிரிக்குத் தயாரித்துக் காட்டுகிறது ஏர் (AIRE) என்ற மரபணு. அது பழுதானால் ஒரே ஆளுக்குப் பல சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிபடும். ஃபின்லாந்தில் இந்த நோய் மற்ற ஊர்களைவிட அதிகம். 1997-இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

லேசாகப் பிடிக்கிற செல்கள் அங்கே தப்பிவிடும். உங்கள் செக்கிங் டேபிளில் நூற்றுக்கு நூறு பிடிக்கிறீர்களா என்ன? வெளியே வந்த பிறகு அவற்றை அடக்கி வைக்க இரண்டாவது கூட்டம் இருக்கிறது, ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஜப்பானில் ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் அவற்றை அடையாளம் காட்டினார். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் 1940-களிலேயே தோல் செதில் செதிலாக உரிந்து, நிணநீர் முடிச்சு வீங்கி, சில வாரங்களில் செத்துப்போகும் ஆண் எலிகள் தற்செயலாகப் பிறந்திருந்தன. அவற்றின் எக்ஸ் குரோமோசோமைத் துழாவி மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடக்கும் செல்லை அடக்கும் செல்லாக வைத்திருப்பதே அந்த மரபணுதான். அது கெட்டால் ஆண் குழந்தைக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே சர்க்கரை, ஓயாத பேதி, தோல் நோய் எல்லாம் வரும். மூவருக்கும் 2025-இல் நோபல் கொடுத்தார்கள்.

உங்கள் நோய் அந்த மாதிரி ஒரே மரபணு உடைந்து வருவது இல்லை. பி27 பெரிய பங்காளி. கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பங்காளிகள், ஒவ்வொன்றும் வாய்ப்பை ஒரு துளி கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன், இரட்டையர்களிடம் பார்த்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த ஸ்பாண்டிலைட்டிஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றில் 60-க்கு மேல். தனிக் கரு இரட்டையர்கள், ஆனால் இருவருக்கும் பி27 உண்டு என்றால், அது நூற்றில் 25 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பி27 அப்படியேதான் இருக்கிறது, மற்ற மரபணுக்கள் கலைந்துவிட்டன, வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. பையனுக்கு பி27 மட்டும் எடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஏன் ஆர்வமில்லை என்று புரிகிறதா?

உங்கள் பேனா வட்டத்தைப் படித்ததும் இன்னொரு மரபணு ஞாபகம் வந்தது. டிஒய்கே2. ஐஎல்-23 போன்ற ரசாயனங்கள் சொல்லும் சேதியைச் செல்லுக்குள் கடத்துவது அதன் வேலை. அதில் ஒரு குறிப்பிட்ட மாறுதல் அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்களுக்கு உங்கள் நோய், சொரியாசிஸ், லூபஸ் எல்லாம் வரும் வாய்ப்பு குறைகிறது. ஆகா என்று குதிக்காதீர்கள், அதே ஆட்களுக்கு டிபி வரும் வாய்ப்பு கூடுகிறது. அடக்கினால் அந்தப் பக்கம், அவிழ்த்துவிட்டால் இந்தப் பக்கம். இந்த டிஒய்கே2-வைத் தடுக்கும் மாத்திரை ஒன்றுக்கு 2022-இல் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மரபணுவைப் படித்து மருந்துக்குப் போன வழி இது.

ஊதாப்பூ கண்ணு, உனக்கு. லூபஸில் ஒரே கரு இரட்டையரில் இருவருக்கும் வருவது நூற்றில் சுமார் 25 தான். புருஷன் வீட்டாரிடம் மீதி 75-ஐச் சொல்லச் சொல். மரபணு ஒன்று என்பது சரி, ஆனால் டி செல், பி செல்களின் ஏற்பிகள் பிறக்கும்போதே தைத்து வருவதில்லை. ஒவ்வொரு செல்லும் துண்டுகளை வெட்டி ஒட்டித் தானே ஒன்றைச் செய்துகொள்கிறது. அந்தச் சீட்டாட்டத்தில் உங்கள் இருவருக்கும் வேறு வேறு சீட்டு. தொற்று, வெயில் எல்லாம் அப்புறம்.

லூபஸ் ஏன் பெண்களுக்கே வருகிறது என்று கேட்பாய். ஒன்பது பெண்ணுக்கு ஒரு ஆண் என்பது கணக்கு. டிஎல்ஆர்7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, வைரஸின் ஆர்என்ஏ-வை மோப்பம் பிடிப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்றைச் செல் மூடி வைத்துவிடும். ஆனால் இந்த மரபணு சில செல்களில் மூடியதிலிருந்தும் தப்பித்து வேலை செய்கிறது, மோப்பம் கூடிப்போகிறது. கூடுதல் எக்ஸ் உள்ள ஆண்களுக்கு லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு என்பதும் இதோடு பொருந்துகிறது. 2022-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு டிஎல்ஆர்7-இல் ஒரே எழுத்து மாறியதால் லூபஸ் வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாறுதலை எலிக்கு வைத்தார்கள், எலிக்கும் வந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை, அது அபூர்வம். நீ கண் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதே, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன், அது கண்ணைப் பாதிக்கக்கூடும்.

*

மூலிகை_நேசன் எழுதியது:

நான் நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். எங்கள் அத்தைக்கும் மூட்டு வாதம், அவரும் சீந்தில் குடிக்கிறார். நிறுத்தச் சொல்லவா?

*

பழைய_லேப்_அக்கா எழுதியது:

நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டும்போது குடித்ததையும் சொல்லச் சொல்லுங்கள், எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் டெஸ்டை ஒரு தடவை பார்த்துவிடுவார். கேட்டதற்கு நன்றி, கோபித்துக்கொண்டு போய்விடுவீர்களோ என்று நினைத்தேன்.

*

பனியன்_செக்கிங் எழுதியது:

அக்கா, இரண்டு சேதி.

பையனைக் காட்டினோம். டாக்டர் குதிகாலின் இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினார், துள்ளினான். காலையில் விறைப்பு இல்லை, வீக்கம் இல்லை, விளையாடிய அன்றைக்கு மட்டும்தான் வலி. வளரும் எலும்பு, குஷன் வைத்த ஷூ போடு, ஒரு மாசம் ஓட்டத்தைக் குறை என்றார். என் நோயைச் சொன்னேன், என் ஃபைலையும் பார்த்தார். பி27 எழுதவில்லை. இரண்டு மாசத்தில் திரும்பக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலண்டர் மாட்டியிருக்கும் சுவரில் நிற்கவைத்தேன். "என்றா அளவெடுக்கறே, சட்டை தைக்கப் போறயா?" என்றார். குதிகால் ஒட்டியது, முதுகு ஒட்டியது. தலை ஒட்டவில்லை. இடுக்கில் கையை விட்டுப் பார்த்தேன், நாலு விரலும் தாராளமாகப் போனது. முட்டுங்கப்பா என்றால் மோவாயைத் தூக்குகிறார், அப்படியும் தொடவில்லை. வயசான கூன் என்றுதான் நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

அப்புறம் உட்காரவைத்துக் கேட்டேன். முப்பது வயதில் கரும்பு வெட்டப் போன காலத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். வாயு என்று பூண்டு சுட்டுத் தின்பாராம். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து தோட்டத்தைச் சுற்றி நடப்பார், எங்களுக்கு அது தெரியும், சுறுசுறுப்பான மனுஷன் என்று பெருமையாகச் சொல்லுவோம். வலி தாங்காமல்தான் எழுந்திருக்கிறார். இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. சைக்கிளில் போகும்போது பின்னால் வண்டி சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். நிறுத்தி, இறங்கி, உடம்போடு திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். ரொம்பக் கவனமான ஆள் என்று நினைத்திருந்தேன்.

என் டாக்டரிடம் சொன்னதும் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டே தெரியவில்லை, எலும்பு ஒட்டிப்போயிருக்கிறது. பி27 எடுக்கவில்லை, இனி எதற்கு என்றார். அப்பா எக்ஸ்ரேவை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதான் ஒட்டிருச்சல்லோ, அப்புறம் வலி எப்படி இருக்கும்" என்றார். ஐம்பதுக்கு மேல் வலி நின்றுவிட்டதாம்.

என் செக்கிங் டேபிளில் ஒரு பீஸ் இப்படித் தப்பியிருந்தால் பையரிடம் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

*

பழைய_லேப்_அக்கா எழுதியது:

நான் லேசாகச் சந்தேகப்பட்டேன், இவ்வளவு என்று நினைக்கவில்லை. குடும்ப வரலாறு கேட்டு "யாருக்கும் இல்லை" என்று எழுதிய பழைய ஃபாரங்கள் எல்லாம் இப்போது கண்முன்னால் வருகின்றன.

ஒன்று மட்டும் கவனம். ஒட்டிப்போன முதுகெலும்பு மூங்கில் மாதிரி, வளையாது, உடையும். அப்பா சைக்கிளிலிருந்து சும்மா சாய்ந்து விழுந்தால்கூட, கழுத்தோ முதுகோ புதிதாக வலிக்கிறது என்றால் எண்ணெய் தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நீவிவிடுகிறவர்களிடம் கழுத்தைக் கொடுக்கவே கூடாது. கண் சிவந்தாலும் உங்களைப் போலவேதான்.

*

பனியன்_செக்கிங் எழுதியது:

சைக்கிளை விடச் சொன்னேன், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் கடையில் கைப்பிடியில் மாட்டும் பின்கண்ணாடி இரண்டு வாங்கிவந்து, பையனும் நானும் திருகி மாட்டினோம். சந்தைக்குப் போய்வந்து, வலது பக்கக் கண்ணாடி கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கிறது, சரி பண்ணு என்றார்.